வண்டி யார் பேரில்?

"மேடம், அந்த ஏர்பேக் வெடிச்சா இரும்புச் சில்லு நேரா கழுத்துக்கு வரும். வண்டியைத் தொடாதீங்க. இலவசமா மாத்தித் தர்றோம்."

"இலவசமா? கெய்ரோவுல தூசியைத் தவிர என்னப்பா இலவசம்? அதை வித்தே ஆறு வருஷம் ஆச்சு."

"பதிவு உங்க பேர்லதானே இருக்கு?"

"வரிசையில நின்னு பேர் மாத்த யாருக்கு நேரம்? டாக்டர் லுத்ஃபிக்குப் பவர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். அவரைக் கேளு."

ஃபக்ரி தலையில் அடித்துக்கொண்டான். பழுதான ஏர்பேக் உள்ள கார்களைத் திரும்ப வரவழைப்பதுதான் கம்பெனியில் அவன் வேலை. பட்டியலில் இந்த ஒன்றுதான் பாக்கி.

டாக்டர் லுத்ஃபியோ அதை ஒரு வாழைப்பழ வியாபாரிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பேர் மாத்த மாட்டானுங்க, ஆனா ஓட்டுவானுங்க!" என்று பக்கத்து மேஜை நெர்மீனிடம் பொரிந்தான் ஃபக்ரி. "இப்ப அந்த வெடிகுண்டு எந்தக் கழுதை கையில இருக்கோ!"

அவன் கைபேசி அடித்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தான்.

"யாரு?"

"மாமியார். என் பொண்டாட்டியோட அலெக்ஸாண்ட்ரியா போறாங்க. ரோட்டுல குழி இருந்தா அதுக்கும் நான்தான் காரணம். நீ அந்த வாழைப்பழத்தைப் பிடி, நான் டீ எடுத்துட்டு வர்றேன்."

நெர்மீன் வியாபாரியைப் பிடித்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி சந்தையில ஒருத்தனுக்குப் பவர் எழுதிக் குடுத்தேன்மா. பேர் ஞாபகமில்ல. நாலு மணி நேரம் பேரம் பேசிட்டு, என் பழத்துலயே ஒரு சீப்பு தின்னுட்டுப் போனான். நம்பர் எழுதிக்க."

நெர்மீன் அந்த எண்ணை அலுவலக போனில் அழுத்தினாள். டீயோடு வந்த ஃபக்ரியின் கைபேசி மறுபடியும் அடித்தது.

"விடவே மாட்டாங்களே!" என்று பார்க்காமலே எடுத்தான். "ஹலோ!"

அந்த ஹலோ நெர்மீனின் இரண்டு காதிலும் கேட்டது.

"ஃபக்ரி," என்றாள் மெதுவாக, "உன் வண்டியும் அதே மாடல்தான், ஆனா பட்டியல்ல உன் பேர் இல்லன்னு எங்களுக்கெல்லாம் பஸ்பூசா ஸ்வீட் வாங்கிக் குடுத்தியே?"

டீ கொட்டியது. உடனே மாமியாரை அழைத்தான்.

"அத்தை, அவளை வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க! ரெண்டு பேரும் கீழ இறங்குங்க! ஆமா அத்தை... ஆமா, நான் கழுதைதான்!"