நான் சார்ஜ் போட்ட பேட்டரி

“பேட்டரி போச்சு” என்றார் போட்டோக்காரரான என் வீட்டுக்காரர் எர்னிங்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேமரா பேட்டரிக்கும் சார்ஜ் போட்டு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப் பையில் வைத்திருந்தேன்.

சாவு வீடு. கூடத்தில் பெரியவர் சிமியோன் சவப்பெட்டியில் படுத்திருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குயிமாராஸ் தீவில் அது இல்லாமல் எந்தப் பெட்டியும் வாசல் தாண்டாது.

“சரியா ஒரு மணிக்கு போட்டோ, உடனே பெட்டியை மூடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?” மூத்த மகன் டெல்ஃபின் குதித்தார்.

அந்த ஒரு மணி ஏன் என்று ஊருக்கே தெரியும். அவர் தங்கை மிர்ணா செபு தீவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தாள். படகு மாறிக் கரை சேர ஒன்றரை ஆகிவிடும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். அப்பாவை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், பதினோரு வருடமாக வாசல் மிதிக்கவில்லை.

“அவளுக்காக ஒரு நிமிஷம்கூட இந்தப் பெட்டி காத்திருக்காது. இது அப்பா மேல சத்தியம்!” என்று டெல்ஃபின் நேற்று அத்தனை பேர் முன்னாலும் கத்தியிருந்தார். பெட்டியை மூடிவிட்டால் அவளுக்கு அப்பா முகம் இல்லை. சிமியோனின் தங்கை, அவர்கள் அத்தை, காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் மனுஷன் மசியவில்லை.

“மாத்து பேட்டரி இல்லையா எர்னிங்?”

“மூணும் காலி மனோங்” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். “ஏய் நெலியா, சார்ஜ் போட்டியா, இல்ல பக்கத்துல வெச்சு வேடிக்கை பார்த்தியா?”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கேமராவுக்கு அடியில ஒரு பேட்டரிக் கூடு மாட்டியிருக்கேன். ஆறு பென்சில் பேட்டரி இருந்தா அதுல போட்டு ஓட்டிடலாம்” என்றார் என்னவர்.

ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்.

“இது கார்பன் ரகம். கடிகாரத்துக்குச் சொட்டுச் சொட்டா குடுத்தா போதும். கேமரா மடக்கு மடக்கா குடிக்கும். ஒரு போட்டோவுக்குத் தாங்காது.”

ரிமோட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள்.

“இது ஒல்லி. பொருந்தாது.”

வாசலில் நின்ற டிரைசிக்கிள்காரர் தன் வண்டி பேட்டரியையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“அடப்பாவி, இது பன்னிரண்டு வோல்ட்! மாட்டினா கேமராவுக்கும் ஒரு பெட்டி சொல்லணும்.”

சாவு வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துத் தொலைத்தார்கள். டெல்ஃபின் முகம் மிளகாயாய்ச் சிவந்தது.

டார்ச், ரேடியோ, பிள்ளைகளின் பொம்மை என்று கிண்டி ஒருவழியாக ஆறு சேர்ந்தது. அதையும் என் வீட்டுக்காரர் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“நாலு அல்கலைன், ஒன்றரை வோல்ட். ரெண்டு சார்ஜ் ஏத்தற ரகம், ஒன்றேகாலுக்கும் கம்மி. கலந்து போட்டா இளைச்சது செத்து உள்ளேயே ஒழுகும். கேமரா போயிடும் மனோங்.”

“நீ போட்டோ எடுக்க வந்தியா, பள்ளிக்கூடம் நடத்த வந்தியா?” டெல்ஃபின் கத்தலில் கோழிகள் பறந்தன. “ரெண்டு மணிக்கு சர்ச்ல பூசை!”

“செல்போன்லயே எடுத்துடலாமே” என்றான் ஒரு மருமகன்.

“அப்பாவோட கடைசிப் போட்டோ செல்போன்லயா? வாயை மூடுடா!”

அத்தனை பேட்டரிகளையும் அவர் தலையில் கொட்டிவிடலாமா என்றிருந்தது எனக்கு. யார் தலையில் என்கிறீர்களா? இரண்டு பேர் தலையிலும்தான்.

அப்போதுதான் மிர்ணா ஓடிவந்தாள். பாவாடை ஓரமெல்லாம் கடல் தண்ணீர். யாரையும் பார்க்காமல் பெட்டியிடம் போனாள். அத்தை பிடித்து நிறுத்தினாள்.

“கண்ணைத் துடைச்சிட்டுக் குனிடி. கண்ணீர் பெட்டி மேல விழக்கூடாது. விழுந்தா போறவருக்கு வழி கனக்கும்.”

துடைக்கத் துடைக்க வந்தது. கடைசியில் அத்தை தன் கைக்குட்டையை அவள் முகத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டாள். அப்படியே குனிந்து அப்பாவைப் பார்த்தாள் மிர்ணா.

டெல்ஃபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வந்து தொலைச்சிட்டா. ஓரமா நிக்கச் சொல்லுங்க.”

“ஆங், இதுல கொஞ்சம் உசிர் இருக்கு போல” என்று அந்த மூன்று கேமரா பேட்டரியில் ஒன்றைத் தட்டி மாட்டினார் என் வீட்டுக்காரர். நாலு போட்டோ எடுத்தார். பெட்டியை மூடினார்கள்.

ஊர்வலம் கிளம்பியதும் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று பேட்டரியையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்றும் முழுசாக நிறைந்திருந்தன.

“ஏங்க! ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டு இது என்ன கூத்து? மிர்ணா மேல அவ்வளவு இரக்கம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த டெல்ஃபினுக்குத் தெரிஞ்சா நம்ம கதி என்ன ஆகும்?”

“இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னை விட்டிருந்தா ஒரு மணிக்கே எடுத்துட்டுக் கிளம்பியிருப்பேன்.” அவர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: “காலையில அந்த ஆள் என்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் இழுத்துட்டுப் போய் அழுதாரு. ‘அத்தனை பேர் முன்னாடி சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டேன் எர்னிங். நான் எவ்வளவு திட்டினாலும் சரி, என் தங்கச்சி வந்து சேர்ற வரைக்கும் உன் கேமரா வேலை செய்யக் கூடாது’ன்னு.”