இடப்பக்கம் இல்லாத கோபுரம்

"அறுங்க அண்ணே, யோசிக்காதீங்க!"

லாரி மேல் ஏறி நின்ற தேவகி, மரக் கோபுரத்தின் இடப்பக்கம் முழுவதும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். தச்சர் மயில்வாகனம் ரம்பத்தைப் பிடித்தபடி விழித்தார். மூன்று மாத உழைப்பு!

குடியரசு தின ஊர்வலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். முதல் பரிசு வாங்கும் லாரிக்குத்தான் சென்னைப் பொருட்காட்சியில் கடை. நெசவாளர் சங்கத்தின் லாரியோ பாரம் தாங்காமல் நகர மறுத்தது.

"பாதி எடையாவது குறைஞ்சாத்தான் வண்டி கிளம்பும்" என்றான் டிரைவர் தனசேகரன்.

"குறைச்சிடலாம்பா. உள்ளே மாடிப்படி எதுக்கு? யார் ஏறப் போறாங்க? பொம்மைங்களுக்குப் பின்பக்கம் எதுக்கு?"

சங்கத்துக்குப் புடவை டிசைன் வரைபவள் தேவகி. வேண்டாத கட்டங்களை அழிக்க அவள் தயங்கியதே இல்லை.

"அதெல்லாம் சரிம்மா. ஒரு பக்கத்தையே எடுக்கச் சொல்றியே?" என்றார் மயில்வாகனம்.

"மைதானத்துக்கு நடுவுலதான் மேடை. நடுவருங்க அதுல இருக்காங்க. சாமியைச் சுத்துற மாதிரி வலமாத்தானே சுத்துவோம்? அவங்களுக்குத் தெரியறது வலப்பக்கம் மட்டும்தான். காஞ்சிபுரத்துல எவன் இடமா சுத்துவான்?"

ரம்பம் ஓடியது. படிகள் விழுந்தன. இடப்பக்கம் மொத்தமும் விழுந்தது. லாரி கிளம்பியது.

மைதான வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

"எல்லா வண்டியும் இடமாத்தான் சுத்தணும். புதுசா வந்த வெளியூர் அதிகாரியோட ஆர்டர்."

லாரியின் இடப்பக்கத்தில் வெறும் சட்டமும் ஆணியும் பல்லிளித்தன.

"போச்சு! எலும்புக்கூட்டைக் காட்டிக்கினு போகப் போறோம்" என்று தலையில் கை வைத்தார் மயில்வாகனம்.

தேவகி சிரித்தாள். தனசேகரனின் காதில் ஏதோ சொன்னாள்.

"ஐயோ அக்கா, கழுத்து சுளுக்கிக்கும்!"

"சுளுக்கினா தைலம் நான் வாங்கித் தரேன். ஓட்டுப்பா!"

லாரி இடமாகத்தான் சுற்றியது. ஆனால் மேடைக்குத் தெரிந்ததோ, சுற்று முழுவதும் கோபுரத்தின் வலப்பக்கம்!

பரிசை அறிவிக்க எழுந்த தலைமை நடுவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எத்தனையோ வண்டிங்க வந்துச்சு, போச்சு. சன்னிதியிலேருந்து வெளியே வர்ற பக்தன் மாதிரி, முதுகு காட்டாம மைதானம் பூரா ரிவர்ஸ் கியர்லயே சுத்தி வந்துச்சே ஒரு கோபுரம், அதுக்குத்தான் முதல் பரிசு!"