ஏழு வாத்துகள்

மீன் பிடிக்க முங்கிய வாத்துகள் ஏழும் மேலே வந்தனவா என்று எண்ணிய பிறகுதான் பாவாயி வலையைத் தூக்குவாள். இன்றும் ஏழும் வந்தன. ஆனாலும் வலைக்குள் அவளுடைய வாத்துகளில் ஒன்று அலகில் மீனோடு செத்துக் கிடந்தது.

"மறுபடி எண்ணு புள்ள," என்றான் கணவன் செங்கோடன்.

நீர்மேல் ஏழுதான். ஒன்று மட்டும் வெறும் அலகால் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது.

மீதி வலை அடியில் எங்கோ மாட்டியிருந்தது. செங்கோடன் குதித்தான். வெகுநேரம் கழித்து மேலே வந்து பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துட்டேன். இழு."

இழுத்தாள். வலை ஓர் ஆள் கனம் கனத்தது.

பாவாயி கயிற்றைக் கைவிட்டாள்.

"வலை கெடக்குது வுடுங்க. வூட்டுக்குப் போலாம்."