சுற்றினால் பாடும் பெட்டி

கைப்பிடியைச் சுற்றினாள். பெட்டிக்குள்ளிருந்து கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

நிறுத்தினாள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அவளை விட்டு விலகிப் போயிருந்தது. சேலையெல்லாம் மரத்தூள்.

மறுபடி சுற்றினாள். மறுபடியும் கன்றுக்குட்டி.

காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். எங்கோ புஸ்ஸென்று காற்று போகிறது. துருத்தியின் மூலையில் ரெக்சின் ஒட்டு விட்டிருந்தது. பசை தடவி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிலோமினாவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. மரவேலை சும்மா ஆசைக்கு. முதலில் ஒரு முக்காலி செய்தாள், அது ஆடியது. அடுத்துச் செய்த செருப்பு அலமாரி ஆடவில்லை. பிறகுதான் இந்தப் பெட்டியை யூடியூபில் பார்த்தாள். கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி ஊதும். துளை போட்ட காகிதச் சுருள் நகரும். துளை வரும் இடத்தில் காற்று மரக்குழலுக்குள் புகுந்து பாடும்.

வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, சுற்றத் தெரிந்தால் போதும் என்றான் அதில் பேசியவன்.

அதைக் கேட்டதும் எழுந்து பலகை வாங்கப் போனாள்.

கீழே, அறையில், தம்பி செலஸ்டின் படுத்திருந்தான்.

பாளையங்கோட்டைப் பக்கம் எந்தக் கச்சேரி மேடையானாலும் கீபோர்டில் அவன் இருப்பான். பைக் சரிந்து விழுந்ததில் வலது கையின் நரம்புகள் அறுந்தன. ஆபரேஷனில் சேர்த்தார்கள். விரல்கள் அசைந்தன, யாருடைய விரல்களோ போல. கையைச் சுற்றிச் சுற்றிப் பழக்கினால் பலம் வரும் என்றார் டாக்டர். சுவரில் ஒரு சக்கரம் மாட்டினார்கள். கொஞ்ச நாள் சுற்றினான்.

"செக்குமாடு மாதிரி இருக்கு" என்று விட்டுவிட்டான்.

கீபோர்டுக்கு உறை போட்டு அலமாரி மேல் ஏற்றச் சொன்னான். கோயில் பாடற்குழு ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கிடந்தான்.

பசை காய்ந்தது. சுற்றினாள்.

பாடியது.

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெட்டியை இடுப்பில் அணைத்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள். அவன் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் வைத்தாள்.

அவன் குழல்களைப் பார்த்தான். காகிதச் சுருளைப் பார்த்தான். கைப்பிடிக்கு வந்ததும் பார்வை நின்றது. பிடி நழுவாமலிருக்க அவள் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம்க்கா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். ஊதாத குழலைப் பிரித்து, சீவி, திரும்ப ஒட்டியது. விரலில் உளி இறங்கியது. எல்லாம் நினைவுக்கு வந்தது.

அவளே சுற்றினாள்.

போன திருவிழாவுக்கு அவன் போட்ட மெட்டு. போனில் பதிந்து வைத்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதுக்குப் பட்டபடி துளை வெட்டியிருந்தாள்.

மெட்டு நொண்டியது. மூச்சு வாங்கியது. ஆனாலும் அதுதான்.

அவன் முதுகு அசையவில்லை.

காகிதத்தை முதலிலிருந்து மாட்டிச் சுற்றினாள்.

ஓரிடத்தில் அவன் தோள் சிலிர்த்தது, பல் கூசியவன்போல்.

மூன்றாம் முறை அந்த இடம் வருவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அந்தச் சுரம் இறங்கிக் கெடக்குக்கா. கேக்க முடியல."

"எந்தச் சுரம்? எனக்கு என்னல தெரியும்?"

இடது கையால் ஒரு குழலைக் காட்டினான். அதன் தலையில் ஒரு மரத்தக்கை. உள்ளே தட்டினால் சுரம் ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். காகிதத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஒரு குழல் மட்டும் ஊதும்படி மற்றவற்றின் காற்றுவழியை டேப் ஒட்டி மூடினாள். சுற்றுவதை நிறுத்தினாள், தட்டினாள், சுற்றினாள்.

"இன்னும்."

நிறுத்தினாள், தட்டினாள், சுற்றினாள்.

"நிப்பாட்டி நிப்பாட்டிச் செஞ்சா எப்படித் தெரியும்? சத்தம் வரும்போதே தட்டணும்."

"சுத்த ஒரு கை, குழலைப் பிடிக்க ஒரு கை. பெறகு எதால தட்ட? எனக்கு ரெண்டு கைதான இருக்கு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.



அவன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தான். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். பெட்டி இருந்த பக்கத்துக்கு அது வாட்டமாக இல்லை. வாய்க்குள் ஏதோ வைதபடி, வலது கையை இடது கையால் தூக்கி, துணி சுற்றிய பிடியில் வைத்தான்.

"தட்டு."

கை நடுங்கியது. சுரமும் நடுங்கியது.

பிடி நழுவியது. எடுத்து வைத்தான். நெற்றியில் வேர்வை. அவன் கவனமெல்லாம் காதில் இருந்தது.

"இன்னும். இன்னும் ஒரு மயிரிழை."

நடுக்கம் மெல்லக் குறைந்து, சுரம் நீண்டது.

"வந்துட்டு... வந்துட்டு... அவ்வளவுதான், விட்டுரு."

அவள் இன்னொரு தட்டு தட்டினாள்.

"போச்சு! ஏறிட்டு. என்னக்கா நீ?"

"தெரியாமத் தட்டிட்டேன்ல" என்றாள் பிலோமினா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தக்கையை வெளியே இழுத்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.