குழலை நீக்கிய பிறகு

இணையதளம் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. ஒன்பதேகாலுக்கெல்லாம் அவன் உள்ளே போய்விட்டான்.

தபேலாக்காரன்தான் இணைப்பை அனுப்பியிருந்தான். வெள்ளந்தி. கூடவே ஒரு குரல் செய்தி: "அண்ணே, யாரோ புதுசாம். கேட்டுப் பாருங்களேன், ஊதறது நம்ம அண்ணி மாதிரியே இல்ல?"

மாதிரி என்ன மாதிரி, அவளேதான். மூச்சு எடுக்கிற இடத்தை வைத்தே அவன் சொல்லிவிடுவான். ஒன்பது வருஷம் அவளுக்குக் கணவன், அவள் புல்லாங்குழலுக்கு ஒலிப்பதிவாளன்.

இரண்டு வருஷமாக அவளைத் தேடாத இடமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கச்சேரி அறிவிப்பு ஒன்று விடாமல் பார்த்தான். எந்த மேடையிலும் அவள் ஏறவில்லை.

எப்படி ஏறுவாள்? அம்மணிதான் படம் வரையக் கிளம்பிவிட்டாளே!

'இசை, இனி வடிவமைப்பும்' என்று முகப்பில் ஒரு வரி. அதன் கீழே நாலு புத்தக அட்டை, ஒரு சோப்பு உறை, ஒரு நாடகச் சுவரொட்டி. நன்றாகவே இருந்தன. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. அவன் இல்லாமல் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பெயரை மாற்றியிருந்தாள். புகைப்படம் கிடையாது, முகவரி கிடையாது, தொலைபேசி எண் கிடையாது. வேலை கொடுக்கிறவர்கள் எழுதி அனுப்ப ஒரு படிவம் மட்டும். உஷாரான பெண்தான். மேடையில் உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அட்டை வரைகிறவளை யார் பார்க்கப் போகிறார்கள்?

படிவத்தில் இரண்டு வரி எழுதலாமா என்று யோசித்தான். வேண்டாம், சொல்லிவிட்டுப் போனால் என்ன சுவாரசியம்.

ஆனால் ஊதிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? வீட்டிலேயே பதிந்த மூன்று பாட்டுகளையும் ஏற்றி வைத்திருந்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. "விட்டுருடா தம்பி. எங்கயோ நல்லா இருந்துட்டுப் போறா."

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கா. நேர்ல போய் வாழ்த்தலன்னா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஊதுவாள் அவள். மூடினால் மூச்சு முட்டுகிறதாம். ஜன்னல் வழியாக வந்து சேரும் இரைச்சலைக் களைந்து களைந்தே அவனுக்குப் பாதி ஆயுள் போயிற்று. அதற்காக எத்தனை சண்டை! இன்று அந்தப் பழக்கத்தை நினைத்து அவனுக்கு அன்பு பொங்கியது.

ஒலிப்பதிவாளன் என்றால் இரைச்சலை நீக்கிவிட்டு இசையை வைத்துக்கொள்வான். அவன் அன்று குழலை நீக்கினான்.

முதல் பாட்டில் குழல் போனதும் படகின் சங்கு கேட்டது, நீளமாக இரண்டு முறை. இரண்டாவதில் இரும்புப் பாலத்தின் மேல் ரயில். படகுத்துறையும் ரயில் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் அவனுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். காரில் நாலு மணி நேரம்.

ரயில் போன பிறகு பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். சத்தம் ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது. அப்படியானால் பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல் ஒரு மாடி வீடு.

எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டான். கோபமோ படபடப்போ இல்லை. சிக்கலான பதிவு ஒன்றைச் சுத்தம் செய்து முடித்த திருப்திதான் இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு, கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, நின்றபடியே மூன்றாவது பாட்டையும் போட்டான்.

ஆரம்பத்தை வெட்டாமல் அப்படியே ஏற்றியிருந்தாள். அதெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்த வேலை, அவளுக்கு எங்கே தெரியும்? காலடிச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள். இன்னொன்று. அதற்கப்புறம்தான் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றா!

இந்த வீட்டில் அவள் சாதகம் செய்த அறைக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள்தான். அதுவும் வெளிப்பக்கம்.