ஆய்விதழுக்கு ஒரு பதில்

சாந்தோம் வீட்டின் உணவு மேசையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. இறந்து இருபது நாளான ஜொவிட்டாவின் லேப்டாப் அங்கே திறந்திருக்கிறது. தோரிய அணு உலைகளில் ஓடும் உருகிய உப்பு உலோகக் குழாய்களை எப்படி அரிக்கிறது என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எழுதி அனுப்பிய கட்டுரைக்கு, ஆய்விதழின் கடிதம் வந்திருக்கிறது. அவளோடு ஆய்வு செய்த மகேஷ் அதைப் படித்துச் சொல்கிறான். "ரொம்ப முக்கியமான வேலைன்னு எழுதியிருக்காங்க ஆன்ட்டி. ஒரே ஒரு கேள்விதான். ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டிய சோதனைய ஏன் எழுநூறுலயே நிறுத்திட்டீங்கன்னு கேக்குறாங்க." லேப்டாப்பின் தூசியைத் துடைக்கப் போன அம்மா நோரா, முந்தானையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அன்னிக்குத்தானேப்பா அவள அட்மிட் பண்ணோம்." தெருவில் மீன்காரியின் குரல் தேய்ந்து மறைகிறது. பிறகு அப்பா ஆரோக்கியநாதன், முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர், லேப்டாப்பைத் தன் பக்கம் நகர்த்தி ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் பதில் அடிக்கத் தொடங்குகிறார். ஜொவிட்டா எங்கள் மகள் என்னும் முதல் வாக்கியத்தில் 'வாஸ்' என்று அடிக்கிறார், அழிக்கிறார், 'இஸ்' என்று அடிக்கிறார். மகேஷ் தயங்கி, "அங்கிள், அது..." என்கிறான். "தெரியும்ப்பா," என்கிறார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருக்கட்டும்."