சத்தம் போதவில்லை

சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு டேப்லெட் திரையில் விழுகிறது. பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகள் எழுதிய கதைகளெல்லாம் இன்றைக்குள் செயலியில் வெளியாக வேண்டும்; மிச்சமிருப்பது மூன்றாம் வகுப்புக் கவிநிலாவின் கதை மட்டும். படம் வரைந்து முடித்துவிட்டாள்: பாயில் படுத்திருக்கும் அம்மா, பச்சைப் புடவை, கண்களுக்குப் பதில் இரண்டு கோடுகள். குரல்தான் பதிவாகவில்லை. அவள் வாசிக்க வாசிக்க, 'சத்தம் போதவில்லை' என்று சிவப்பெழுத்து வந்து நிற்கிறது. நிர்மலா மிஸ் நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறார். காலையிலிருந்து கத்திய தொண்டை கரகரக்கிறது. "கொஞ்சம் சத்தமா படிச்சா என்னடி? கிரவுண்டுல அந்தக் கத்து கத்துற!" கவிநிலா படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். "அம்மா தூங்குறாங்க மிஸ். மேட்டுப்பாளையம் கம்பெனில நைட் ஷிப்ட். எழுப்புனா தலைவலி வந்துரும்." மிஸ் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துகிறார். கதவைச் சாத்துகிறார். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை புழுக்கத்தில் இருவரும் காத்திருக்கிறார்கள். பிறகு டேப்லெட்டைச் சிறுமியின் வாயருகே பிடிக்கிறார். "எங்க அம்மா ராத்திரில டப்பாக்கு மூடி போடுறாங்க. பகல்ல தூங்குறாங்க. ஞாயித்துக்கெழம என்னைப் பாப்பாங்க." திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைக்கோடு மயிரிழையாய் எழும்பி அடங்குகிறது. 'சத்தம் போதவில்லை. மீண்டும் பதிவு செய்யவா?' மிஸ் 'வேண்டாம்' என்பதைத் தொடுகிறார், அப்புறம் 'வெளியிடு' என்பதை. "முடிஞ்சிதா மிஸ்?" "முடிஞ்சிதும்மா" என்கிறார், அவரும் கிசுகிசுப்பாகவே.